வெள்ளிப் பேனா வட்டங்கள்

எங்கள் கம்பெனியில் ஷூவுக்கான மேல்தோலை வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தோலையும் ஒரு சாய்வு மேசையில் விரித்துப் பார்ப்பார்கள். மேசையின் பக்கவாட்டில், தோலின் மட்டத்துக்கே ஒரு நீள விளக்கு இருக்கும். மேலே எரியும் டியூப் லைட்டில் தெரியாத உண்ணிக்கடியும் முள் கீறலும் அம்மைத் தழும்பும் அந்தப் பக்க விளக்கைப் போட்டதும் நிழலோடு எழுந்து நிற்கும். அவற்றை வெள்ளிப் பேனாவால் குறிக்க வேண்டும். வெட்டுகிறவர் குறியை விட்டுவிட்டு வெட்டுவார். குறிகள் எங்கே விழுந்திருக்கின்றன, வெட்டினால் எவ்வளவு தேறும் என்று பார்த்து ஏ, பி, சி என்று தரம் போடுவார்கள்.

அந்த மேசையில் நிற்க எனக்கு நாலு வருஷமாக ஆசை. நான் இருந்ததோ பின்பக்கத்து மூலையில், ஷூவுக்கு உள்ளே ஒட்டுகிற லைனிங் தோலைக் குறித்துத் தரம் பிரிக்கும் இடத்தில். அங்கே யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் அந்த மூலையை நானே கேட்டு வாங்கியிருந்தேன்.

பதினான்கு வயதில் எனக்குப் பரு வந்தது. இரண்டு கன்னத்திலும் கொத்துக் கொத்தாக வந்து, உடைந்து, பதினெட்டில்தான் ஓய்ந்தது. போகும்போது குழிகளை விட்டுவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் எனக்கு வைத்த பெயர் பாலாறு. மணல் அள்ளி அள்ளிக் குழியாகக் கிடக்கும் எங்கள் ஊர் ஆறு. விரிஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அரைப் பரீட்சை லீவு முடிந்து எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை. அம்மா இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள் அவள் களையெடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு நாள் செல்வகுமார் சார் என் மூலைக்கே வந்தார். கட்டிங் பிரிவுக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

"ஹேமலதா, குர்ஷித் மேடம் ராணிப்பேட்டை யூனிட்டுக்குப் போறாங்க. அடுத்த மாசம் மொத திங்கக்கெழமைலேர்ந்து அவங்க எடத்துல, மெயின் டேபிள்ல நீ."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்த விளக்கு ஞாபகம் வந்தது. தோலின் மேல் விழுகிற வெளிச்சம் மேசையில் நிற்பவளின் முகத்திலும்தான் விழும். அங்கே தோல் பதனிடும் டேனரியின் ஆட்கள் வருவார்கள், ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருவார்கள், எதிரில் நின்று முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார்."

"மூணு வாரம் இருக்கு, இன்னும் இன்னா டைம்? வேணாம்னா அதுக்கு முந்தின வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிடு. பரணிதரனைப் போட்டுடறேன்."

பரணிதரன் நல்ல மாதிரி. ஆனால் எதிரே நிற்கிற ஆளுக்கு மனசு கஷ்டப்படுமே என்று எல்லாத் தோலுக்கும் ஏ போடுவான்.

மூன்று வாரத்தில் முகத்தைச் சரி பண்ணிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இதை நான் சொன்ன ஒரே ஆள் உமைமா. ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறாள், ஆம்பூர்க்காரி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவிலிருந்து ஊறுகாயும் அவள் டப்பாவிலிருந்து கத்திரிக்காய்ப் பச்சடியும் இடம் மாறும்.

"மூணு வாரமா? பேஜாரே இல்ல," என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் போனில் பத்துப் பதினைந்து வீடியோ பார்த்துவிட்டாள். "ஊசி உருளை இருக்கு, ஆசிட் இருக்கு, லேசர் இருக்கு. நம்ம ரத்தத்தையே எடுத்துச் சுத்தவிட்டு நம்ம மூஞ்சிலயே பூசறாங்க, அது ஒண்ணு இருக்கு. உனுக்கு எது வேணும்?"

"எது நல்லது?"

"எல்லா வீடியோலயும் அவங்க அவங்க செய்யறதுதான் நல்லதுன்றாங்க."

முதலில் அவளுக்குத் தெரிந்த பார்லருக்குப் போனோம். மஹ்பூபி அக்கா வீட்டு முன்னறையையே பார்லராக வைத்திருந்தார். என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ரெண்டே தபா உருட்டினா போதும்மா, மைதா மாவு மாதிரி ஆயிடும்," என்றார். டிராயரிலிருந்து உருளையை எடுத்தார். சின்னக் கைப்பிடி, நுனியில் சக்கரம், சக்கரம் முழுக்க ஊசி. அதை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். தொழில் பழக்கம், கை தானாகச் செய்தது. மூன்றாவது வரிசையில் ஒரு ஊசி வளைந்திருந்தது. பக்கத்து வரிசையில் பழுப்பாக எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது.

"இது வேற யாருக்காவது போட்டதா அக்கா?"

"டெட்டால்ல கழுவித்தாம்மா வச்சிருக்கேன்."

புருவம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் ஒரு பெரிய கிளினிக். உள்ளே போனதுமே ஜில்லென்று இருந்தது, பூ வாசனை வேறு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு பெண் எங்களை உட்காரவைத்து டேப்லெட்டில் படம் காட்டினாள். லேசர் ஆறு தடவை, கூடவே மேல்தோலை உரிக்கிற பீலிங், கூடவே கிரீம், எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ். முன்பு, பின்பு என்று இரண்டு இரண்டு படங்கள். முன்பு படத்தில் கன்னம் முழுக்கக் குழி. பின்பு படத்தில் பளிங்கு.

உமைமா என் தொடையைக் கிள்ளினாள். "பாத்தியாடி!"

நான் பார்த்தேன். முன்பு படத்தில் மூக்கின் நிழல் கன்னத்தில் விழுந்திருந்தது. பின்பு படத்தில் மூக்குக்கு நிழலே இல்லை. இரண்டு விரலால் பெரிதாக்கி அடுத்த ஆளைப் பார்த்தேன், அதற்கடுத்த ஆளையும் பார்த்தேன். எல்லாருக்கும் அப்படியே.

வெளியே வந்ததும் சொன்னேன். "மொத படம் சைடு லைட்டு. ரெண்டாவது படம் நேர் லைட்டு. அப்படிக் காட்டினா எந்தத் தோலும் ஏ தரம்தான்."

"அப்போ லேசர் பொய்யா?"

"லேசர் பொய்யின்னு சொல்லல. அந்தப் படம் பொய்."

உமைமா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்டி," என்றாள்.

மூன்றாவது இடம் தோட்டப்பாளையத்துச் சந்தில் ஒரு மாடி. மரப் பெஞ்சு, டோக்கன், சுவரில் படைக்கும் தேமலுக்கும் படம். டாக்டர் சங்கீதா என்று போர்டு. எனக்கு அக்கா வயதுதான் இருக்கும், பேச்சு ரயில் வேகம். உள்ளே போனதும் ட்யூப் லைட்டை அணைத்தார். கையில் டார்ச்சை எடுத்து என் காதோரத்திலிருந்து கன்னத்தின் மட்டத்துக்கே அடித்தார்.

எனக்கு உடம்பு கூசியது. ஆனால் இவருக்குப் பார்க்கத் தெரியும் என்றும் தோன்றியது.

"இப்ப புதுசா பரு வருதா?"

"இல்ல மேடம். நாலு வருஷமா இல்ல."

"நல்லதாப் போச்சு. வந்துட்டிருந்தா நான் தொடவே மாட்டேன், மொதல்ல அதைத்தான் நிறுத்தணும்." விரலால் கன்னத்தை இழுத்துப் பிடித்தார். "இங்க மூணு வகை இருக்கு. ஒண்ணு ஊசி குத்தின மாதிரி குறுகலா ஆழமா இருக்கு. அதுக்கு ஒரு துளி ஆசிட், குச்சி நுனியில வச்சு அந்தக் குழிக்குள்ள மட்டும் தொட்டு விடணும். இன்னொண்ணு அகலமா மேலாப்பல இருக்கு. அதுக்கு மெஷின்ல ஊசி போடலாம், அஞ்சாறு தடவை. இதோ இது, தாடை மேல, அலை அலையா. இது மேல இருந்து எதைப் பூசினாலும் ஏறாது. அடியில நார் இழுத்துப் பிடிச்சிருக்கு. கீழ ஒரு ஊசியை விட்டு அந்த நாரை அறுத்து விட்டாத்தான் மேல எழும்பும்."

அது எனக்கு உடனே புரிந்தது. மேல்பக்கத்தில் எத்தனை பூச்சு ஏற்றினாலும் அடிப்பக்கத்துச் சதை இழுத்துக்கொண்டிருக்கும் தோல் காய்ந்ததும் பழையபடி பள்ளமாகிவிடும். டேனரியில் அதற்குப் பூசுகிறவனைத் திட்டிப் பயனில்லை.

"லேசர் மேடம்?"

"செய்யலாம். நம்ம நிறத்துக்குக் கொஞ்சம் ஜாக்கிரதையா செய்யணும், சூடு ஜாஸ்தியானா குழி போய்க் கருப்பு வந்துடும். உனக்கு அது மொதல்ல தேவையில்ல. ரத்தம் எடுத்துப் போடறதும் அப்படித்தான், கூடச் சேர்த்துக்கிட்டா கொஞ்சம் உதவும், தனியா அதை நம்பாத."

"மூணு வாரத்துல... இப்ப ரெண்டு வாரம்... அதுக்குள்ள சரியாயிடுமா?"

டாக்டர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. "ரெண்டு வாரத்துல வீக்கம் வடிஞ்சு பழைய மூஞ்சி திரும்பி வரும். ஒரு வருஷம் குடு, பாதி குறையும். முழுக்கப் போகும்னு எவன் சொன்னாலும் எந்திரிச்சு வந்துடு."

படியிறங்கும்போது உமைமா, "இந்த டாக்டருக்கு வியாபாரமே தெரியலடி," என்றாள். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தீபாவளி போனஸ் முதல் இரண்டு தடவைக்குத் தாங்கும். அடுத்த வாரம் சனிக்கிழமைக்குத் தேதி வாங்கியிருந்தேன். நான் கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்: "எந்த எந்த இடம் உனக்கு ரொம்ப உறுத்துதுன்னு பாத்து வச்சுக்கிட்டு வா, அதுலேர்ந்து ஆரம்பிப்போம்."

கெடு முடிகிற அந்த வெள்ளிக்கிழமை செல்வகுமார் சார் அறையை இரண்டு தடவை கடந்து போனேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும் என்றும் சொல்ல வரவில்லை. சனிக்கிழமை ஏதாவது ஆகி, திங்கட்கிழமைக்குள் கொஞ்சமாவது மாறிவிடாதா என்று ஒரு நைப்பாசை.

சனிக்கிழமை காலை அம்மா வெளியே போனதும் கண்ணாடியை ஜன்னலோரம் வைத்தேன். போன் டார்ச்சைக் காதோரம் பிடித்தேன். டாக்டர் கேட்டது நினைவிருந்தது. உறுத்துகிற இடங்களை அவருக்குக் குறித்துக் காட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த குறிக்கும் சாமான் ஒன்றுதான். பையில் எப்போதும் இருக்கும் வெள்ளிப் பேனாவை எடுத்து, கம்பெனி முறைப்படியே போட்டேன். ஆழக் குழிக்குப் புள்ளி, அகலக் குழிக்கு வட்டம், அலைக்கு நெளிகோடு. வலது கன்னம் முடித்து இடது கன்னத்துக்கு வரும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. இவ்வளவு சுத்தமாக நான் எந்தத் தோலையும் குறித்ததில்லை. முடிவில் பழக்கதோஷத்தில் தாடைக்குக் கீழே 'சி' என்று எழுதிவிட்டேன்.

துப்பட்டாவால் மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். உமைமா வேலூரில் காத்திருந்தாள். துப்பட்டாவை விலக்கியதும், "யா அல்லா, ஜரிகை போட்டுக்கிட்டு வந்திருக்கா," என்றாள்.

டாக்டர் ட்யூப் லைட்டை அணைத்தார். பிறகு டார்ச்சை அடித்து ஒவ்வொரு குறியாகப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"நான்தான் மேடம்."

"எல்லாம் கரெக்டா இருக்கு. நெளிகோடு மூணும் சரியான இடம். நான் போன வாரம் ரெண்டுதான் பாத்தேன், மூணாவதை நீ கண்டுபிடிச்சிருக்கே." அப்புறம் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார். நெளிகோடு போனது. வட்டம் போனது. புள்ளிகள் போகவில்லை. கம்பெனியில் ஒரு ரப்பர் துண்டால் தேய்த்தால் தோலிலிருந்து வந்துவிடும் மை, என் குழிகளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. துடைக்கத் துடைக்க இன்னும் மினுக்கியது.

"இந்தப் புள்ளிங்க மேல இன்னைக்கு ஊசி கூடாது, ஆசிட்டும் கூடாது," என்றார். "மை உள்ள போச்சுன்னா பச்சை குத்தின மாதிரி நிரந்தரமா நின்னுடும். மொகத்துல வெள்ளிப் பொட்டோட திரியப் போறியா?"

"எப்ப போகும் மேடம்?"

"தானா உதிரும். நாலஞ்சு நாள். சொரண்டாத."

மை துடைபட்டுப் போன தாடை அலைகள் மூன்றுக்கு மட்டும் அன்று செய்தார். மரத்துப் போக மருந்து போட்டு, கீழே ஊசியை விட்டு நாரை அறுக்கும்போது வலிக்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி, உள்ளேயிருந்து, நற நற என்று. உமைமா வெளியே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் இடது தாடை நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அதற்கு மேலே கன்னத்தில் வெள்ளிப் புள்ளிகள். மூன்று வாரம் அலைந்து முகத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தேன்.

"அம்மா, கம்பெனிக்குப் போன் பண்ணி எனக்கு ஜொரம்னு சொல்லேன்."

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "நீயே சொல்லு. எனுக்குப் பொய் சொல்ல வராது, நடுவுல சிரிப்பு வந்துடும்," என்றாள். கொஞ்சம் கழித்து, "வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறும்போது ஒரு தீர்மானத்தோடுதான் ஏறினேன். நேராக செல்வகுமார் சாரிடம் போய், பரணிதரனையே போடுங்கள் என்று சொல்லிவிட்டு என் மூலைக்குப் போய்விடுவது.

பஸ்ஸில் காற்றுக்குத் துப்பட்டா நழுவியது. முன் சீட்டிலிருந்த ரங்கம்மாள் அக்கா திரும்பினவர் என் தாடையைப் பார்த்துவிட்டார்.

"எவன்டி கைய வச்சான்?"

பஸ் முழுக்கத் திரும்பியது. "யாரும் இல்லக்கா" என்றால் நம்பவில்லை. "சொல்லு, பயப்படாத, நாங்க அத்தினி பேரும் வர்றோம்" என்று நாலு பேர் எழுந்துவிட்டார்கள். டிரைவர்கூட வண்டியை ஓரம் கட்டினார். வேறு வழியில்லாமல் சொன்னேன். அடிக்கவில்லை, தழும்புக்கு டாக்டர் ஊசி போட்டது என்றேன். சத்தம் பத்தாமல் எழுந்து நின்று இன்னொரு தடவை சொன்னேன். நாலு வருஷத்தில் அந்த பஸ்ஸில் நான் அத்தனை வார்த்தை பேசியதில்லை.

டிரைவர் வண்டியை எடுத்தார். பிறகு ரங்கம்மாள் அக்கா முழங்கையைத் திருப்பிக் காட்டினார். "எனுக்கு இங்க சுட்ட தழும்பு கீது. அதுக்கு ஊசி கேக்குமா?"

"சுட்ட தழும்பு வேறக்கா. அது மேடு. இது பள்ளத்துக்கு."

"எங்க தங்கச்சிக்குப் பள்ளம்தான், நெத்தியில."

"குறுகலா அகலமா?"

"அத எவ பாத்தா?"

"டார்ச்சைச் சைடுல அடிச்சுப் பாருங்க."

ஆம்பூர் வரும்வரைக்கும் கேள்விதான். உருளையா, மெஷினா, லேசரா, எவ்வளவு வலிக்கும், எத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது. முகத்தை மூட மறந்துவிட்டேன் என்பது கம்பெனி கேட்டில் இறங்கும்போதுதான் தெரிந்தது.

கட்டிங் பிரிவில் மெயின் மேசையைச் சுற்றி ஏற்கெனவே கூட்டம். டேனரியிலிருந்து அமீர் பாஷா பாய் காலையிலேயே சரக்கோடு வந்துவிட்டார். பஸ் தாமதத்தில் நான் இன்னும் வரவில்லை என்று பரணிதரன் நின்றிருந்தான். எட்டுத் தோல் பார்த்து முடித்து எட்டுக்கும் ஏ போட்டிருந்தான். செல்வகுமார் சார் என்னைப் பார்த்தார், என் தாடையைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

சொல்ல வந்ததைச் சொல்லத்தான் நானும் வாயைத் திறந்தேன். ஆனால் கண் மேசைக்குப் போய்விட்டது. பக்க விளக்கு எரியவில்லை.

"லைட்டு ஏன் போடல?"

"கண்ணு கூசுதுன்னு பாய் சொன்னாரு," என்றான் பரணிதரன்.

"அந்த லைட்டு வேணாம்மா," என்றார் அமீர் பாஷா பாய். "அதுல பாத்தா ஒலகத்துல எந்தத் தோலும் தேறாது."

எட்டுக்கும் ஏ. வெட்டின பிறகு ஷூவில் உண்ணிக்கடி தெரிந்தால் திரும்பி வருவது மொத்தப் பெட்டியும். கையை நீட்டி விளக்கைப் போட்டேன்.

தோல் எழுந்து நின்றது. எதிரே என் முகமும். கன்னத்து வெள்ளிப் புள்ளிகள் மினுங்கியிருக்க வேண்டும். பாய் தோலை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாம்மா இது, மூஞ்சியில சில்வர் பேனா?"

"நானேதான் போட்டேன் பாய். அதுக்குத் தரம் போட்டாச்சு, சி. இப்ப உங்களோடதைப் பாக்கலாம்."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பரணிதரனாகத்தான் இருக்க வேண்டும். பாயும் தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார். செல்வகுமார் சார் கேட்க வந்ததைக் கேட்காமலே அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

எட்டில் மூன்றைக் கீழே இறக்கினேன். கழுத்துப் பக்கம் உண்ணிக்கடி கொத்தாக இருந்தது. பாய் கையைத் தூக்கினார், தலையில் வைத்தார், டேனரி முதலாளியின் பெயரைச் சொல்லிப் புலம்பினார். அடுத்த கட்டுத் தோலில் அவரே சி என்று பிரித்துக் கொண்டுவந்த ஒன்றை பி ஆக்கினேன். அதன் கீறல்கள் எல்லாம் ஓரத்தில்தான், வெட்டும்போது எப்படியும் கழிந்துவிடும். அவர் அந்தத் தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குர்ஷித் மேடமே பரவால்ல போலிருக்கே," என்று முணுமுணுத்துவிட்டு எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

புள்ளிகள் வியாழக்கிழமைக்குள் உதிர்ந்தன. காதுக்குக் கீழே ஒன்று மட்டும் இன்னும் இரண்டு நாள் இருந்தது. தாடை நாவற்பழத்திலிருந்து மஞ்சளாகிப் பிறகு என் நிறத்துக்கு வந்தது. அடுத்த தடவைக்கு டாக்டர் ஒன்றரை மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், ஆழக் குழிக்கு ஆசிட். பேனா கொண்டு வராதே என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நேற்று சாப்பாட்டு நேரத்தில் உமைமா போன் டார்ச்சைப் போட்டு என் தாடையைப் பார்த்தாள்.

"கம்மியாயிருக்குடி! சத்தியமா, நல்லாவே கம்மியாயிருக்கு!"

"லைட்டை நேரா பிடிச்சிருக்க."

"ஓ." கையைக் காதோரம் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடு நேரம் பார்த்தாள். "இப்பவும் கம்மிதான். ஆனா கொஞ்சமாத்தான் கம்மி."

"எவ்ளோ?"

"சி பிளஸ்," என்றாள். என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.